எந்தக் கேமரா வாங்கலாம்?

ஃபிலிம் சுருளில் படமெடுக்கும் ஆர்வம் இளைஞரிடையே மீண்டும் தளிர்த்துள்ளது. ‘சிறிய கேமராவா, எஸ்.எல்.ஆரா?’ என்று உங்கள் பிள்ளை கேட்டால் என்ன சொல்வீர்கள்?

சிறிய கேமராவில் நாம் பார்க்கும் சாளரம் வேறு, படம் பதிக்கும் லென்ஸ் வேறு. அருகில் நிற்கும் குழந்தை கண்ணுக்கு முழுமையாகத் தெரியும். கழுவிய படத்திலோ உச்சந்தலை இராது. லென்ஸை விரல் மறைத்தாலும் தெரியாது. எஸ்.எல்.ஆரிலோ லென்ஸ் காண்பதையே உள்ளிருக்கும் கண்ணாடி நமக்குக் காட்டுகிறது. சுருளொன்றில் 36 படங்களே. ஊட்டி ஆலையின் ‘இந்து’ சுருள் கிடைத்த காலமும் போயிற்று. இன்றைய விலையில் ஒரு படம் வீணானாலும் மனம் பதைக்கும்.

பெருநாளன்று சட்டெனப் படமெடுக்கச் சிறியதே போதும். ஆனால் அதன் மின்சுற்று பழுதானால் சீர்செய்வது அரிது. கற்க விரும்புவோர்க்கு, 1976 முதல் 1997 வரை உற்பத்தியான பென்டாக்ஸ் கே1000 போன்றதையே பரிந்துரைப்பேன். அதில் பேட்டரி ஒளிமானிக்கு மட்டுமே. தீர்ந்தாலும் ஷட்டர் இயங்கும்.

பழையதை வாங்குமுன் லென்ஸை வெளிச்சத்திற்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஈரம் குடித்த தோலுறைக்குள் பல்லாண்டு கிடந்த லென்ஸில் சிலந்திவலை போல் பூஞ்சை படர்ந்திருக்கக்கூடும். தோலின் குணத்தை ஆம்பூர்க்காரர்களுக்கா நான் சொல்ல வேண்டும்? உறை எத்துணை அழகாயினும் கேமராவை அதற்குள் பூட்டி வைக்காதீர்கள்.