கூட வாசிக்க ஆள் இல்லையா? கம்ப்யூட்டர் இருக்கு!



ஜாஸ் என்பது அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் கறுப்பின மக்களிடையே பிறந்த இசை. நம்ம கர்நாடக சங்கீதத்தில் கல்பனாஸ்வரம் பாடுவது போல, இதிலும் அந்த நேரத்தில் மனதில் தோன்றுவதை வாசிக்க வேண்டும். பின்னால் டிரம்ஸும் பேஸும் தாளத்தைப் பிடித்துக்கொள்ளும். மூக்கண்டப்பள்ளியில் கீபோர்டு வாசிக்க நான் இருக்கேன். மத்தவங்களுக்கு எங்கே போவது?

இதற்காகவே வந்த மென்பொருள் 'பேண்ட் இன் எ பாக்ஸ்'. கனடாவின் பி.ஜி. மியூசிக் நிறுவனம் 1990-ல் வெளியிட்டது. எந்தக் கட்டத்தில் எந்த கார்டு வரணும் என்று டைப் செய்து, ஜாஸ் பாணியைத் தேர்ந்தெடுத்தால் போதும். டிரம்ஸ், பேஸ், பியானோ மூன்றையும் அதுவே வாசிக்கும்!

பயிற்சி செய்யும் முறை இதோ:

1. 12 கட்ட 'புளூஸ்' எளிது. சி கார்டு 4 கட்டம், எஃப் 2, சி 2, ஜி 1, எஃப் 1, மறுபடி சி 2. கட்டத்துக்கு 4 தட்டு, ஆக மொத்தம் 48 தட்டு.

2. வேகத்தை நிமிடத்துக்கு 60 தட்டு என்று வைக்கவும். தடுமாறாமல் வந்த பிறகு 5, 5 ஆகக் கூட்டவும்.

3. ஜாஸின் உயிர் 'ஸ்விங்'. ஒரு தட்டுக்குள் இரண்டு ஸ்வரம் வந்தால் முதலாவது நீளம், அடுத்தது குட்டை. "தா…க தா…க" என்று வாயால் சொல்லிப் பாருங்க, புரியும்.

4. பியானோவை மட்டும் நிறுத்திவிட்டு அந்த இடத்தை நீங்களே வாசியுங்கள்.

5. ஹெட்போன் முக்கியம். பக்கத்து வீட்டில் நைட் ஷிப்ட் முடிச்சு வந்தவங்க தூங்குவாங்க!

ஆனா ஒரு விஷயம். மென்பொருள் வாசிக்கும், நாம வாசிக்கிறதைக் கேட்டுப் பதில் சொல்லாது. நாம் அழகாக ஒரு இடைவெளி விட்டாலும் அதுபாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்கும். மிருதங்கக்காரர் பாடகரின் முகத்தைப் பார்த்து வாசிப்பாரே, அது இதில் கிடையாது.

சார்லி மரியானோ என்ற அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் நம்ம நாதஸ்வரத்தையும் கற்றவர். பக்கத்தில் இருக்கும் பெங்களூரின் 'கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன்' கலைஞர்களோடு சேர்ந்து அவர் தந்த 'ஜோதி' இசைத்தொகுப்பு 1983-ல் வந்தது. ஜாஸும் மிருதங்கமும் சேர்ந்தது மனிதர்கள் ஒருவரை ஒருவர் கேட்டதால்தான்.

எனவே, விரல் பழக கம்ப்யூட்டர். காது பழக மனிதர்கள். நம் பள்ளியில் தவில், பறை, மிருதங்கம் தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்க. 12 கட்டத்தை நான் வாசிக்கிறேன், 48 தட்டை நீங்க பார்த்துக்கோங்க!