ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே 400 மீட்டர்

ஓசூர் பேருந்து நிலையத்தில் ஒரு தண்ணீர் பாட்டிலைக் குடித்துக் காலி செய்யுங்கள். மெல்லிய பிளாஸ்டிக் பாட்டிலாக இருந்தால் நல்லது. மூடியை நன்றாக இறுக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு கிருஷ்ணகிரிப் பேருந்தில் ஏறுங்கள். சூளகிரி, குருபரப்பள்ளி எல்லாம் தாண்டிக் கிருஷ்ணகிரியில் இறங்கியதும் அதை வெளியே எடுத்துப் பாருங்கள். யாரும் தொடாமலேயே பாட்டிலின் நடுப்பகுதி கொஞ்சம் உள்வாங்கியிருக்கும். மூடியைத் திருகினால் 'புஸ்' என்று காற்று உள்ளே போகும்.

பாட்டிலை நசுக்கியது யார்? காற்றுதான்!

ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிருஷ்ணகிரி சுமார் 500 மீட்டர். இரண்டுக்கும் இடையே ஐம்பது கிலோமீட்டர் சாலைதான். ஆனால் 400 மீட்டர் இறக்கம். கீழே வர வர நம் தலைக்கு மேலே இருக்கும் காற்று கூடிக்கொண்டே போகிறது. அதனால் அதன் அழுத்தமும் கூடுகிறது. பாட்டிலுக்குள் இருப்பதோ ஓசூர்க் காற்று. வெளியே இருக்கும் கிருஷ்ணகிரிக் காற்றின் அழுத்தம் அதைவிட நூற்றுக்கு நான்கைந்து பங்கு அதிகம். அந்த வித்தியாசமே பாட்டிலை அமுக்கிவிட்டது.

இந்த 400 மீட்டரைப் புரிந்துகொண்டால் கிருஷ்ணகிரி மாவட்டத்தையே புரிந்துகொள்ளலாம். விடுமுறை நாளில் மலை ஏறவும் ஏரி பார்க்கவும் போகும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மேலே ரோஜா, கீழே மாம்பழம்

"உயரமான இடம் என்றால் சூரியனுக்குப் பக்கம்தானே? அங்கே சூடு அதிகமாக அல்லவா இருக்க வேண்டும்?" என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். நல்ல கேள்வி. சூரியன் இருப்பது சுமார் 15 கோடி கிலோமீட்டருக்கு அப்பால். அதில் 400 மீட்டர் எந்த மூலைக்கு?

வெயில் காற்றை நேரடியாகச் சூடாக்குவது குறைவு. அது முதலில் தரையைச் சூடாக்குகிறது. தரை தன்னைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்றைச் சூடாக்குகிறது. அந்தக் காற்று மேலே எழும்பும்போது அங்கே அழுத்தம் குறைவு என்பதால் விரிகிறது. விரியும் காற்று குளிரும். சராசரியாக 1,000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஆறரை டிகிரி செல்சியஸ் குறையும். அப்படியானால் 400 மீட்டருக்கு எவ்வளவு? 2.6 டிகிரி. கிருஷ்ணகிரியில் மின்விசிறியைத் தேடும் நேரத்தில் ஓசூரில் காற்று கொஞ்சம் இதமாக இருப்பதற்கு இதுதான் முக்கியக் காரணம்.

பயிர்களுக்கும் இந்த வித்தியாசம் தெரியும். ஓசூர், பாகலூர், தளி பக்கம் பசுமைக்குடில்களில் ரோஜா பூக்கிறது. பிப்ரவரியில் வெளிநாடுகளுக்கு விமானமேறுகிறது. அதே மாவட்டத்தில் கீழே பர்கூர், காவேரிப்பட்டணம் பக்கம் போனால் கண்ணுக்கெட்டிய தூரம் மாந்தோப்பு, நடுநடுவே மாங்கூழ் ஆலைகள். கிருஷ்ணகிரியில் மாங்கனிக் கண்காட்சியே நடக்கும். மண், தண்ணீர், சந்தை என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் ரோஜா மேலேயும் மா கீழேயும் இடம் பிடித்ததில் உயரத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

தோல் உரிக்கும் மலை

கிருஷ்ணகிரி ஊருக்குள் நுழையும்போதே கோட்டை மலை தெரியும். பழைய கோட்டை மதில்கள் உச்சியில் இருக்கின்றன. காலையில் சீக்கிரமே ஏறத் தொடங்குங்கள். பத்து மணிக்கு மேல் பாறை கொதிக்கும்.

ஏறும்போது பாறையைக் கவனியுங்கள். வெங்காயத் தோல் உரிவதுபோல அது ஏடு ஏடாகப் பிரிந்திருக்கும். இந்தப் பகுதிப் பாறைகளுக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டு. அவை உருவானது பூமிக்கு அடியில், பல கிலோமீட்டர் ஆழத்தில். மேலே இருந்த பாறையும் மண்ணும் கோடிக்கணக்கான ஆண்டுகளில் மழையிலும் காற்றிலும் கரைந்து போயின. அவ்வளவு நாள் அழுத்திக்கொண்டிருந்த பாரம் நீங்கியதும் பாறை மெல்ல விரிந்தது. மேற்பரப்பை ஒட்டியே விரிசல் விட்டது. பகல் வெயிலும் இரவுக் குளிரும் அந்த விரிசலை அகலமாக்கின. மலையின் மொட்டைத் தலை வழுவழுவென்று உருண்டையாக இருப்பது இதனால்தான்.

ஒரு சின்னக் கல்லை எடுத்துப் பாறையை அங்கங்கே தட்டிப் பாருங்கள். கெட்டியான இடத்தில் 'டக்' என்று கேட்கும். ஏடு பிரிந்த இடத்தில் சத்தம் மாறி, அடியில் வெற்றிடம் இருப்பதைச் சொல்லிவிடும். விளிம்புக்குப் பக்கத்தில் மட்டும் இந்த விளையாட்டு வேண்டாம்.

இப்படிப் பிரியும் பலகைக் கல்லை நம் முன்னோர்கள் நன்றாகவே பயன்படுத்தினார்கள். இதே மாவட்டத்தில் மல்லச்சந்திரம் மலையில் பெருங்கற்காலக் கல்திட்டைகள் இருக்கின்றன. பக்கத்துக்கு ஒரு பலகையை நிறுத்தி, மேலே ஒரு பலகையை மூடி, இறந்தவர்கள் நினைவாக எழுப்பியவை அவை. போனால் கண்ணால் பாருங்கள், மேலே ஏறாதீர்கள்.

படிப்படியாக இறங்கும் ஆறு

காற்றும் பாறையும் ஆயிற்று. இனி தண்ணீர். கர்நாடகத்தில் நந்தி மலைப் பகுதியில் பிறக்கும் தென்பெண்ணை, கொடியாளம் அருகே தமிழ்நாட்டுக்குள் வருகிறது. ஓசூர்ப் பக்கம் கெலவரப்பள்ளி அணையில் ஒருமுறை நிற்கிறது. அங்கிருந்து நாம் பேருந்தில் இறங்கிய அதே உயரத்தைத் தானும் இறங்கி, கிருஷ்ணகிரி அணையில் மறுபடி நிற்கிறது. பிறகு சாத்தனூர் அணை, கடைசியில் கடலூர் அருகே வங்கக்கடல்.

கிருஷ்ணகிரி அணை காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது கட்டப்பட்டது. நீர்மட்டம் 52 அடி. ஏறத்தாழ 9,000 ஏக்கருக்குப் பாசனம் தருகிறது. சுற்றிலும் மலைகள், பூங்கா, வாசலில் மீன் வறுவல் வாசனை! படகு ஓட்ட ஆசைப்பட்டால் பக்கத்தில் அவதானப்பட்டி ஏரி இருக்கிறது. கால்மிதி படகில் நீங்கள் மிதிக்கும்போது படகின் சக்கரம் தண்ணீரைப் பின்னால் தள்ளுகிறது. தண்ணீர் படகை முன்னால் தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதியை இதைவிட ஜாலியாகப் படிக்க முடியாது.

கெலவரப்பள்ளியில் பார்க்க வேண்டியது வேறு. சில நாட்களில் மதகிலிருந்து விழும் தண்ணீரில் வெள்ளை நுரை மலைபோல எழும். பார்க்கப் பனி மாதிரி அழகாக இருந்தாலும் அது நோயின் அறிகுறி. ஆறு வரும் வழியில் நகரக் கழிவுநீரும் ஆலைக் கழிவும் கலக்கின்றன. சலவைத்தூளில் இருக்கும் மூலக்கூறுக்கு ஒரு முனை தண்ணீரை விரும்பும், மறுமுனை விலகும். அதனால் அது தண்ணீரும் காற்றும் சந்திக்கும் இடத்தில் போய் ஒட்டிக்கொண்டு, குமிழி உடையாமல் காக்கிறது. உயரத்திலிருந்து விழும்போது தண்ணீரில் காற்று கலப்பதால் குமிழிகள் குவிகின்றன.

வீட்டிலேயே சோதிக்கலாம். இரண்டு பாட்டில்களில் பாதி அளவு தண்ணீர் ஊற்றுங்கள். ஒன்றில் மட்டும் ஒரு சொட்டு ஷாம்பு விடுங்கள். இரண்டையும் பத்து தடவை குலுக்கி வையுங்கள். வெறும் தண்ணீரில் குமிழி உடனே உடைந்துவிடும். மற்றதில் நுரை எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறியுங்கள். ஒரே ஒரு சொட்டு இப்படிச் செய்தால், ஒரு பெருநகரம் முழுவதும் துணி துவைத்த தண்ணீர் என்ன செய்யும்?

போகும் முன்

பெரியவர்கள் துணையில்லாமல் போகாதீர்கள். அணையிலும் ஏரியிலும் இறங்கிக் குளிக்காதீர்கள். மேலே அமைதியாகத் தெரியும் தண்ணீருக்கு அடியில் சேறும் பள்ளமும் இருக்கும். படகில் மிதவை அங்கி கட்டாயம். கெலவரப்பள்ளி நுரையைத் தொட வேண்டாம்.

பையில் ஒரு வெப்பமானி, ஒரு குறிப்பேடு, ஒரு பென்சில் இருக்கட்டும். ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் ஒரே நாளில், ஒரே நேரத்தில், நிழலில் வெப்பநிலையை அளக்க இரண்டு ஊர் நண்பர்களும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் அளந்து சராசரி எடுங்கள். 2.6 வருகிறதா, கூடவா, குறைவா? ஏன் என்று உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் கேளுங்கள். அடுத்த அறிவியல் கண்காட்சிக்கு உங்கள் தலைப்பு தயார்!