சித்தாள் சொன்னதைக் கேட்டிருந்தால்...

பாத்ரூம் சுவரில் டைல்ஸ் ஒட்டுவதைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று தோழிகள் சிரிக்கலாம். எங்கள் வீட்டில் நடந்ததைக் கேட்டால் சிரிக்க மாட்டீர்கள்.

தரமணியில் எங்களுடையது சின்ன வீடு. போர் தண்ணீர் ஒரே உப்பு. பாத்ரூமை ஒட்டிய அறையில்தான் மாமியார் படுக்கிறார். அந்தச் சுவர் ஓதம் ஏறி, சுண்ணாம்பு பொரிந்து கொட்டிக்கொண்டே இருக்கும். அதனால் இரண்டு வருடத்துக்கு முன் சீட்டுப் பணத்தை எடுத்து, பாத்ரூம் சுவருக்கு டைல்ஸ் ஒட்டினோம். மூன்றே நாளில் வேலை முடிந்தது. 'என்ன வேகம்!' என்று கொத்தனாருக்கு நானே காபி போட்டுக் கொடுத்துப் பாராட்டினேன்.

போன ஐப்பசியில் ஒரு நாள் விடியற்காலை. மாமியார் குளித்துவிட்டு வந்து தலை துவட்டிக்கொண்டிருந்தார். உள்ளே தடதடவென்று சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால், அவர் உட்கார்ந்து குளிக்கும் ஸ்டூல் மேல் ஒரு வரிசை டைல்ஸ் விழுந்து, கத்தி கத்தியாக உடைந்து கிடந்தது. ஐந்து நிமிடம் முன்னால் விழுந்திருந்தால்? நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

சுவரைப் பார்த்தேன். பழைய பெயிண்ட் பளபளவென்று அப்படியே இருந்தது! கொத்தாமல், சுரண்டாமல், பெயிண்ட் மேலேயே ஒட்டியிருக்கிறார்கள். டைல்ஸின் பின்னால் நடுவில் மட்டும் ஒரு உருண்டை சிமெண்ட். நாலு மூலையும் வெற்றிடம். அதற்குள் தண்ணீர் இறங்கி இறங்கி, விட்டுவிட்டது. கொத்தனாருக்குப் போன் செய்தால் எடுக்கவே இல்லை. வேறு இடத்தில் கேட்டதற்கு, எல்லாவற்றையும் பெயர்த்துவிட்டுப் புதிதாகத்தான் செய்யணும் என்று ஒரு பெரிய தொகை சொன்னார்கள். என்னவர் வாயே திறக்கவில்லை.

அந்த வேலைக்கு வந்த சித்தாள் அக்கா அடுத்த தெருவில்தான் இருக்கிறார். ஐம்பது வயதிருக்கும். வழியில் பார்த்து விஷயத்தைச் சொன்னேன். "அன்னிக்கே சொன்னேம்மா, கொத்திட்டு ஒட்டுங்கன்னு. 'நீ கலவையைக் கலக்கு, போதும்'னுட்டாரு. சித்தாள் பேச்சை யாரு கேக்குறாங்க?" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "நான் செஞ்சு தரவாம்மா?" என்றார்.

"பொம்பளை கொத்தனாரா?" என்றார் மாமியார். எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். ஆனால் முப்பது வருடமாகப் பக்கத்தில் நின்று பார்த்தவருக்குத் தெரியாதா?

மீதி டைல்ஸையும் பெயர்த்தோம். சுவர் முழுவதும் உளியால் கொத்துப் போட்டார். தண்ணீர் அடித்து நனைத்து, ஒரு பங்கு சிமெண்ட், மூன்று பங்கு மணல் கலந்து பூசி, ஈரத்திலேயே கோடு கோடாகக் கீறிவிட்டார். நாலைந்து நாள் காலையும் மாலையும் சுவரை நனைத்தது என் வேலை. உடையாத டைல்ஸின் பின்னால் இருந்த சிமெண்டைத் தட்டி எடுத்து, ராத்திரியே தண்ணீரில் ஊறப் போட்டோம். முட்டை முட்டையாகக் குமிழி வந்தது. "இது குடிக்காம ஒட்டினா சாந்துல இருக்கிற தண்ணிய இழுத்துக்கும், பிடிக்காது" என்றார் அக்கா. (பாக்கெட்டில் வரும் ஒட்டும் பசைக்கு இப்படி ஊறவைக்க வேண்டாமாம். எங்களுடையது வெறும் சிமெண்ட்.) தோசைக் கல்லில் மாவு தேய்ப்பது போல முழுக்க சிமெண்ட் பால் தடவி, தூக்குகுண்டு பிடித்துப் பிடித்து ஒட்டினார்.

நல்ல டைல்ஸ் இடுப்பளவுக்குத்தான் வந்தது. உடைந்ததை என்ன செய்ய? சண்டிகரில் சாலை ஆய்வாளராக இருந்த நேக் சந்த், உடைந்த டைல்ஸ், பீங்கான், வளையல் துண்டுகளை வைத்து யாருக்கும் தெரியாமல் உருவாக்கிய தோட்டம் 1976-ல் மக்களுக்குத் திறக்கப்பட்டது என்று டிவியில் பார்த்தது ஞாபகம் வந்தது. அவ்வளவு தூரம் போவானேன், இங்கேயே வெயிலுக்கு மொட்டை மாடியில் உடைந்த வெள்ளை டைல்ஸ் பதிக்கிறார்களே! துண்டுகளைச் சாக்கில் சுற்றி, சுத்தியால் தட்டிச் சின்னதாக்கி, ஓரத்தைச் சாணைக்கல்லில் தேய்த்து, மேலே மொசைக் போலப் பதித்தோம். மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பார், அதனால் கீழே முழு டைல்ஸ், கை படாத உயரத்தில்தான் துண்டுகள். நானும் ஒரு பக்கம் பதித்தேன். அது கொஞ்சம் கோணல். வெறும் கையால் சிமெண்டைத் தொட்டதில் விரலெல்லாம் வெந்துபோனது. கையுறை போடாமல் தொடாதீர்கள்.

மறுநாள் வெள்ளை சிமெண்டை இடுக்குகளில் பழைய செருப்பு ரப்பரால் இழுத்து, காய்ந்த துணியால் துடைத்தோம். உப்புக் கறைக்கு ஆசிட் ஊற்றுகிறோமே, அது இந்த இடுக்கு சிமெண்டைத்தான் முதலில் தின்னும். அதோடு பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் விஷவாயு வரும், ஜாக்கிரதை. இப்போது நாங்கள் சோப்புத் தண்ணீர் போட்டுத் தேய்ப்பதோடு சரி, குளித்ததும் சுவரைத் துடைத்து விடுகிறோம்.

கூலி கொடுக்கும் நாள் வந்தது. "சித்தாள் கூலிதானே?" என்றார் என்னவர். உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் ஒரு நிமிடம் அப்படித்தான் தோன்றியது. சித்தாள் கூலி கொடுத்தால் நிறைய மிச்சமாகும். 1976-லேயே ஆணுக்கும் பெண்ணுக்கும் சம ஊதியம் என்று சட்டம் வந்தாயிற்று. ஆனால் கலவை சுமக்கும் பெண்ணின் கையில் கரண்டியைக் கொடுப்பவர் யார்? மாமியார்தான் உள்ளிருந்து, "அன்னிக்கு ஒட்டினவனுக்கு எவ்வளவு குடுத்தீங்க? அதையே குடுங்க" என்றார். அப்படியே கொடுத்தோம். அக்கா இரண்டு தரம் எண்ணிப் பார்த்தார்.

இந்த மழைக்கு அறைச் சுவர் காய்ந்தே இருக்கிறது. மாமியார் தினமும் ஒரு ரூபாய் நாணயத்தால் டைல்ஸைத் தட்டி, எங்காவது வெற்றுச் சத்தம் வருகிறதா என்று பார்க்கிறார். எதிர் வீட்டில் சமையல் மேடைக்கு டைல்ஸ் ஒட்ட அக்காவைக் கூப்பிட்டார்களாம். "கொத்தனார் கூலின்னா வர்றேன்னு சொல்லிட்டேம்மா" என்றார். சொந்தமாக ஒரு ரசமட்டமும் வாங்கியிருக்கிறார்.

- ஒரு வாசகி, தரமணி, சென்னை-113.