பெரியது, அதைவிடப் பெரியது, எல்லாவற்றிலும் பெரியது

போன கோடை விடுமுறையில் என் பேரன் ஆங்கிலப் பயிற்சித்தாளில் பத்துக்கு ஆறு தப்பு வாங்கி வந்தான். 'திஸ் பேக் இஸ் மோர் பிக்கர்' என்று எழுதியிருந்தான். மகள் கோபித்துக்கொண்டாள். எனக்குக் கோபம் வரவில்லை. 1980 வாக்கில் சிக்கப்பேட்டை ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மில்லிலிருந்து வந்த ஒருவரிடம் 'மோர் சீப்பர்' என்று சொல்லிக் கேலிக்கு ஆளானவன் நான். இது மூளைக் குறைவு அல்ல, தாய்மொழிப் பழக்கம். அதைத்தான் இங்கே விளக்கப் பார்க்கிறேன்.

தமிழில் 'பெரிய' என்ற சொல் ஒப்பிடும்போது மாறுவதே இல்லை. 'அந்தப் பையைவிட இந்தப் பை பெரியது' என்கிறோம். ஒப்பீடு முழுவதையும் 'விட' சுமக்கிறது. அது ஒட்டியிருப்பதோ எதிரே நிற்கும் பையோடு. இதற்கு இலக்கணமும் உண்டு. நன்னூல் ஐந்தாம் வேற்றுமைக்கு இல், இன் என்று இரண்டு உருபு சொல்லி, நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது என்று நான்கு பொருள் தருகிறது. 'பருத்தியின் விலை மிக்கது பட்டு' என்றால் அந்த 'இன்' ஒப்புப் பொருள். பருத்தியிலிருந்து விலகி மேலே நிற்கிறது பட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நன்னூலை இயற்றிய பவணந்தியார் சமண முனிவர். இயற்றச் சொன்னவன் மூன்றாம் குலோத்துங்க சோழன் காலத்துக் கங்கர் குலத் தலைவன் சீயகங்கன். குவளாலபுரத்து அதிபதி என்பது அவன் பட்டம். குவளாலபுரம் வேறு எங்குமில்லை, நம்ம பக்கத்துக் கோலார்தான்!

சிக்கப்பேட்டையில் ஒரு மணி நேரம் நின்றால் மற்ற மொழிகளும் இதே வழியில் போவது தெரியும். கன்னடக்காரர் 'அதக்கிந்த தொட்டது' என்பார். தெலுங்கர் 'தானிகண்டே பெத்ததி' என்பார். இந்திக்காரர் 'உஸ்ஸே படா' என்பார். எதிலும் 'பெரிய' என்ற சொல் அப்படியே இருக்கிறது. திராவிட மொழிகளில் பெயரடைக்கு ஒப்பீட்டு விகுதி இல்லை என்று கால்டுவெல் 1856லேயே எழுதிவிட்டார்.

ஆங்கிலம் அப்படியல்ல. அங்கே பெயரடையே உடை மாற்றிக்கொள்கிறது: பிக், பிக்கர், பிக்கஸ்ட். 'தன்' என்ற சொல் கூட வந்தாலும் அது போதாது. சின்னச் சொல்லானால் வாலில் 'அர்', 'அஸ்ட்'. பியூட்டிஃபுல் மாதிரி நீண்ட சொல்லானால் முன்னால் 'மோர்', 'மோஸ்ட்'. இரண்டில் ஒன்றுதான், சட்டைமேல் சட்டை வேண்டாம். நம் பிள்ளைகளுக்கு 'அர்' என்ற சின்ன வால் காதில் உறைப்பதில்லை. அதனால் வெளியே ஒரு 'மோர்' சேர்த்துவிடுகிறார்கள். குட், பெட்டர், பெஸ்ட். பேட், வொர்ஸ், வொர்ஸ்ட்: இவற்றை மனப்பாடம் செய்வதைத் தவிர வழியில்லை.

இன்னொரு சிக்கல் உண்டு. தமிழில் சும்மா 'பெரிய' என்றாலே சில இடத்தில் உச்சம் வந்துவிடும். மூன்று அண்ணன்மார் இருக்கும் வீட்டில் 'பெரிய அண்ணன்' என்றால் எல்லாரிலும் மூத்தவர். ஆங்கிலத்தில் 'பிக் பிரதர்' என்றால் அது விளங்காது, 'எல்டஸ்ட்' என்று சொல்லியாக வேண்டும். தொட்டபெட்டா என்ற மலைப்பெயரும் அப்படித்தான். சொல்லுக்குச் சொல் 'பெரிய மலை', அவ்வளவே.

பேரனுக்கு மலைகளை வைத்தே பயிற்சி கொடுத்தேன். நந்தி மலை 1,478 மீட்டர், தொட்டபெட்டா 2,637, ஆனைமுடி 2,695. தொட்டபெட்டா நந்தியைவிட 'ஹையர்'. மூன்றில் ஆனைமுடி 'தி ஹையஸ்ட்'. "அப்போ தொட்டபெட்டா எப்பவுமே ஹையஸ்ட் ஆகாதா தாத்தா?" என்றான். ஆகும்டா, 'தமிழ்நாட்டுக்குள்' என்று எல்லை போட்டால் ஆகும். எந்தக் கூட்டத்துக்குள் என்று சொல்லாமல் உச்சம் கிடையாது. அவன் அன்று கற்றதில் இதுதான் முக்கியம்.

வீட்டில் தினம் சாப்பாட்டு நேரத்தில் மூன்று வாக்கியம் போதும்: தமிழில் ஒன்று, கன்னடத்தில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. எங்கே எந்தச் சொல் மாறுகிறது என்று பிள்ளையே கண்டுபிடிக்கட்டும். பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: உதாரணத்துக்கு மலை, துணி, மாம்பழம் எதை வேண்டுமானாலும் எடுங்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளையை மட்டும் எடுக்காதீர்கள்.