தானுந்துத் திசைமாற்றி ஒலிகள்

தானுந்துத் திசைமாற்றி ஒலிகள் என்பவை, ஸ்டீயரிங் எனப்படும் திசைமாற்றியைத் திருப்பும்போது மட்டும், அல்லது அப்போது மிகுதியாக எழும், வழக்கத்திற்கு மாறான ஒலிகள் ஆகும். இவற்றுள் சில தீங்கற்றவை. வேறு சில, சக்கரத்தைப் பிடித்திருக்கும் இணைப்புகள் தளர்ந்துவிட்டதைக் காட்டுபவை.

ஒருவருக்கு "டொக்" என்று கேட்பது மற்றொருவருக்குக் "கடக்" என்று கேட்கும். எனவே ஒலி எத்தகையது என்பதைவிட, அது எப்போது எழுகிறது என்பதே நம்பத்தக்க தடயமாகும். வண்டி நிற்கும்போதா ஓடும்போதா, முழுத் திருப்பத்திலா சிறு திருப்பத்திலா, ஆக்சிலேட்டரை மிதிக்கும்போதா விடும்போதா என்பவற்றை முதலில் கவனிக்க வேண்டும்.

சமவெளியும் மலைப்பாதையும்

கல்வராயன் மலையடிவாரத்திலுள்ள கச்சிராயபாளையம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கள்ளக்குறிச்சி வழியே செல்லும் உளுந்தூர்பேட்டை–சேலம் தேசிய நெடுஞ்சாலையில் திசைமாற்றியைச் சிறிதளவே திருப்ப நேரும். கச்சிராயபாளையத்திலிருந்து கோமுகி அணைப் பக்கமாக வெள்ளிமலைக்கு ஏறும்போதோ, வளைவுகளில் தாழ்ந்த கியரில், ஆக்சிலேட்டரை மிதித்தவாறே வண்டியை ஒடித்துத் திருப்ப வேண்டும். சமவெளியில் மாதக்கணக்கில் மறைந்திருந்த பழுது இங்கேதான் முதலில் காதில் விழக்கூடும்.

ஓடும்போது எழுபவை

வளைவில் ஆக்சிலேட்டரை மிதிக்கையில், சக்கரம் சுழலும் வேகத்திற்கேற்ப "டிக் டிக்" என ஒலித்தால், பெரும்பாலும் அது முன்சக்கர ஆக்சிலின் வெளிமுனையிலுள்ள சிவி ஜாயிண்ட் தேய்ந்ததன் அடையாளம். திரும்பிய நிலையிலும் சக்கரத்திற்குச் சீராக விசையைக் கடத்தும் இவ்விணைப்பின் பரவலான வடிவத்தை ஆல்பிரட் ரெசெப்பா 1926 இல் உருவாக்கினார். அதனுள் இருக்கும் எஃகு உருண்டைகளையும் கிரீசையும் ரப்பர் உறையொன்று காக்கிறது. உறை கிழிந்தால் கிரீஸ் தெறித்து வெளியேறும். மண்ணும் நீரும் உட்புகும். அம்பாசிடரில் பொறியின் விசை பின்சக்கரங்களுக்குச் சென்றதால் இத்தொல்லை இல்லை. 1983 இல் வந்த மாருதி 800 முன்சக்கர இயக்கம் கொண்டது. அதன் பின்னரே இவ்வொலி தமிழகப் பட்டறைகளில் பழக்கமாயிற்று எனலாம்.

ஆளற்ற சமதளத்தில் திசைமாற்றியை முழுதும் ஒடித்து, இரு பக்கமும் மெதுவாக வட்டமடித்துப் பார்த்தால் ஒலி தெளிவாகும். கிழிசலை ஒலி தொடங்கும் முன்பே கண்டால் புதிய உறையும் கிரீசும் போதும். ஒலி தொடங்கிய பின் ஜாயிண்ட்டையே மாற்ற வேண்டியிருக்கும்.

தொடர்ச்சியான இரைச்சல் இடப்பக்கம் திரும்பும்போது மிகுந்தால், எடை சாயும் வலப்பக்கத்து வீல் பேரிங்கை ஐயுறலாம். மலைச் சாலைகளில், பிரேக் தட்டுக்கும் அதன் பின்னுள்ள தகட்டுக்கும் இடையே சிக்கிய சிறு கல்லும் அச்சமூட்டும் அளவுக்குக் கீச்சிடும்.

நிற்கும்போது எழுபவை

நீரியல் பவர் ஸ்டீயரிங் உள்ள வண்டிகளில், முழுத் திருப்பத்தில் சற்று முனகல் எழுவது இயல்பே. எல்லா நிலைகளிலும் முனகினால் எண்ணெய் அளவைப் பார்க்க வேண்டும். மின்விசையால் உதவும் திசைமாற்றியில் எண்ணெயும் பம்பும் இல்லாததால் இந்தக் காரணம் பொருந்தாது. திருப்பும்போது சுருள்வில் "டொய்ங்" என விடுபட்டால், ஸ்ட்ரட்டின் மேல்முனைப் பேரிங் இறுகியிருக்கலாம்.

ஆபத்தானது எது?

உரத்த ஒலி ஆபத்தானது என்பதில்லை. டை ராடு முனை, பால் ஜாயிண்ட் ஆகியவை தேயும்போது, பள்ளத்திலோ சிறு திருப்பத்திலோ மெல்லிய தட்டல் மட்டுமே கேட்கலாம். இவற்றுள் ஒன்று கழன்றால் சக்கரம் ஓட்டுநரின் கட்டுப்பாட்டில் இராது. கொண்டை ஊசி வளைவில் இறங்கும்போது இது நேர்ந்தால் விளைவு கொடியதாகும்.

சமதளத்தில் மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, தாங்கியின் மீது நிறுத்திச் சோதிக்கலாம். வண்டிக்கு அடியில் எவரும் செல்லக்கூடாது. சக்கரத்தை இடமும் வலமுமாகப் பிடித்து அசைக்கும்போது ஆட்டம் தெரிந்தால் டை ராடு முனையை ஐயுற வேண்டும். மேலும் கீழுமாகப் பிடித்து அசைக்கும்போது தெரிந்தால் பால் ஜாயிண்ட் அல்லது வீல் பேரிங். வேறொருவரைப் பிரேக்கை மிதிக்கச் செய்து மீண்டும் அசைத்தால், ஆட்டம் மறைவது பேரிங்கையும், மறையாதது பால் ஜாயிண்ட்டையும் சுட்டும். ஆட்டம் உறுதியானால் அவ்வண்டியை மலையேற்றாமல் பட்டறைக்கு இழுத்துச் செல்வதே தக்கது. டை ராடு முனையை மாற்றிய பின், சக்கரங்களின் கோணம் மாறியிருக்கும் என்பதால், வீல் அலைன்மெண்ட்டும் செய்ய வேண்டும்.