ஒரு சிறு வில்லையின் பெரும்பணி

திருக்கனூர்க் காகிதக்கூழ்ப் பொம்மையை முதன்முறை கையில் எடுப்பவர் அதன் எடையின்மையைக் கண்டு வியப்பார். பயனற்றதென எறியப்பட்ட காகிதம் ஊறி, அரைபட்டு, பசையோடு பிசையப்பட்டு, அச்சில் உருப்பெற்று, வெயிலில் காய்ந்து, வண்ணம் பூண்டு நம் கைக்கு வருகிறது. புவிசார் குறியீடு பெற்ற இக்கலைப்பொருளில் செய்தவர் பெயர் பெரும்பாலும் இராது. பல கைகள் கூடிச் செய்வதும், பெயரை நாடாதிருப்பதும் கைவினையின் இயல்பு. அவ்வியல்பே நோயாளிகளுக்குத் துணைநின்ற வரலாறு ஒன்று உண்டு.

1904-ஆம் ஆண்டு. காசநோய்க்கு மருந்து கண்டறியப்படாத காலம். டென்மார்க்கில் ஐனார் ஹோல்போல் என்னும் அஞ்சல் ஊழியர், கிறிஸ்துமஸ் காலத்தில் மலைபோல் குவியும் வாழ்த்துக் கடிதங்களைக் கண்டு ஒன்றை எண்ணினார்: ஒவ்வோர் உறையிலும் அஞ்சல்தலையோடு ஒரு காசு விலையுள்ள அழகிய வில்லையையும் ஒட்டினால், அந்தத் தொகை நோயுற்ற குழந்தைகளுக்கு உதவாதா? அரசி லூயிசின் உருவம் தாங்கி வெளிவந்த முதல் வில்லைகள் நாற்பது இலட்சத்துக்கும் மேல் விற்றன.

1907-இல் இவ்வெண்ணம் அமெரிக்காவை அடைந்தது. டெலவர் மாநிலத்தில் ஒரு சிறு காசநோய் இல்லம் 300 டாலர் இல்லாமல் மூடப்படும் நிலையில் இருந்தது. எமிலி பிசெல் என்னும் பெண்மணி தாமே ஒரு வில்லை வரைந்து அச்சிட்டு, ஒன்று ஒரு சென்ட் என விற்கத் தொடங்கினார். செய்தித்தாள் ஒன்றும் துணைநின்றது. திரண்ட தொகை ஏறத்தாழ 3,000 டாலர். வேண்டியதைப்போல் பத்து மடங்கு.

நம் நாட்டில் 1939-இல் தோன்றிய இந்தியக் காசநோய்ச் சங்கம், 1950 முதல் காசநோய் வில்லைகளை வெளியிட்டு, காந்தியடிகள் பிறந்த நாளில் அவற்றின் விற்பனையைத் தொடங்கி வந்திருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் வாங்கிக் குறிப்பேட்டில் ஒட்டிய அந்த வில்லையை நம் வாசகர்களில் மூத்தோர் சிலர் நினைவுகூரக்கூடும். அதில் காணும் இரட்டைக் குறுக்குச் சிலுவை, 1902-இல் பெர்லினில் கூடிய மாநாட்டில் பாரிஸ் மருத்துவர் ஒருவர் முன்மொழிந்த காசநோய் எதிர்ப்புச் சின்னம்.

வில்லை பணத்தை மட்டும் சேர்க்கவில்லை. சொல்லக் கூசிய நோயின் பெயரை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. அதனினும் பெரிய பயன் இதுவே.

பின்னாளில் வேறொரு நோய்க்கும் இவ்வழி உதவியது. 1986-இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமன் குழுவினர் இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்றை முதன்முதலாகக் கண்டறிந்தனர். உலகெங்கும் அச்சம் சூழ்ந்திருந்த அந்நாளில், 1991-இல் நியூயார்க்கின் ‘விஷுவல் எய்ட்ஸ்’ அமைப்பைச் சேர்ந்த கலைஞர்கள் கூடிச் சிவப்பு நாடாவை உருவாக்கினர். அதற்கு உரிமை கோரவில்லை. தனியொருவர் பெயரையும் சூட்டவில்லை. அதே அமைப்பு 1998 முதல் நடத்தும் விற்பனையில், அஞ்சலட்டை அளவிலான மூல ஓவியங்கள் ஒரே விலைக்குத் தரப்படுகின்றன. வாங்கிய பின்னரே வரைந்தவர் யாரென்று தெரியும். புகழ்பெற்றவர் ஓவியமும் புதியவர் ஓவியமும் அங்கே ஒரே வரிசையில் நிற்கின்றன.

கலைஞர் தம் பெயரை மறைப்பது பெருந்தன்மையால். நோயாளி தம் பெயரை மறைப்பதோ அச்சத்தால். திருமணம் தடைபடுமோ, வேலை போகுமோ, உண்ணும் தட்டைத் தனியே வைப்பார்களோ என்னும் அச்சம் அது. அவ்வச்சத்தால் சிகிச்சை தள்ளிப்போகும்போதுதான் நோய் முற்றுகிறது, பிறருக்கும் பரவுகிறது.

குடும்பத்தார் அறியவேண்டிய செய்தி ஒன்று நம் மண்ணிலேயே பிறந்தது. 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், மருத்துவமனையில் தங்கியோரையும் வீட்டிலிருந்தே மருந்துண்டோரையும் ஒப்பிட்டு, 1959-இல் முடிவை வெளியிட்டது. முறையாக மருந்துண்டால் வீட்டுச் சிகிச்சையும் ஏறத்தாழ அதே பயனைத் தந்தது. உடனிருந்த உறவினருக்கு அதனால் கூடுதல் ஆபத்து நேரவில்லை. நோயாளியை விலக்கவேண்டியதில்லை என்பதற்கு இதனினும் வலுவான சான்று வேண்டுமோ?

பள்ளியிலோ ஊரிலோ இத்தகைய கலைப்பொருள் செய்து நிதி திரட்ட விரும்புவோர் சிலவற்றை மனத்திற் கொள்க. எத்தனை படிகள் என்பதை முன்னரே வரையறுத்து, ஒவ்வொன்றிலும் எண் இடுக. தொகை எதற்குச் செல்கிறது என்பதை விலையோடு சேர்த்தே அறிவிக்க. நோயாளியின் பெயரையோ படத்தையோ அவர் இசைவின்றி ஒருபோதும் பயன்படுத்தற்க.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பரிசோதனையும் மருந்தும் இலவசம். சிகிச்சைக் காலத்தில் ஊட்டச்சத்துக்கென அரசு தரும் உதவித்தொகை 2024 நவம்பர் முதல் மாதம் 1,000 ரூபாயாக உயர்ந்துள்ளது. அதைக் கேட்டுப் பெறுங்கள். சாதாரணக் காசநோய்க்குப் பொதுவாக ஆறு மாத மருந்து போதும். இடையில் உடல் தேறியதாகத் தோன்றினாலும் மருத்துவர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள்.

அந்த ஆறு மாதமும் நோயாளியின் அருகில் அமர்ந்து உண்ணுங்கள். எந்த வில்லையாலும் செய்ய இயலாத உதவி அது.