கூடுதுறையில் வெளிச்சம் பிடிக்கிறார்கள்!

பவானி கூடுதுறை, காலை ஐந்தே முக்கால். சங்கமேஸ்வரர் கோயில் படித்துறையில், கோவையிலிருந்து வந்த ஓவியர் அண்ணாவுக்குப் பக்கத்துப் படியில் உட்கார்ந்திருக்கிறேன். அவர் மடியில் பலகை. அதில் நாலு ஓரமும் டேப் ஒட்டிய வாட்டர் கலர் தாள். ஆற்று வெளிச்சத்தை எப்படித்தான் வரைகிறார்கள் என்று இன்றைக்குக் கிட்டத்திலிருந்து பார்க்கப் போகிறேன். ராத்திரி தூக்கமே இல்லை!

முதல் காரியத்திலேயே துள்ளிவிட்டேன். பிளாஸ்டிக் மக்கை நீட்டி ஆற்றிலேயே தண்ணீர் மொண்டார். காவிரியைக் காவிரித் தண்ணீரிலேயே வரையப் போகிறார்!

அக்கரைக் குமாரபாளையத்துக்கு மேலே சூரியன் எட்டிப் பார்த்ததும் கை பறக்கிறது. கோபால்ட் நீலமும் பர்ன்ட் சியன்னாவும் குழைத்த சாம்பலில் எதிர்க்கரை முடிந்தது.

"காலடியில என்ன தெரியுதுங்க, அம்மிணி?"

பாசி, மூழ்கிய படி, ஒரு பூமாலை.

"இப்பத் தள்ளிப் பாருங்க."

வானம்! நேர் கீழே பார்த்தால் பார்வை தண்ணீருக்குள் இறங்குகிறது. தூரத்தில் சாய்வாகப் பார்த்தால் அதே தண்ணீர் கண்ணாடி. அதனால்தான் தாளின் அடிப்பக்கம் பழுப்பு, மேலே போகப்போக வான நிறம். காலடியையும் தூரத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துத் தீரவில்லை எனக்கு.

அடுத்து, நான் காத்திருந்த மினுமினுப்பு.

"வெள்ளை பெயின்ட் எங்கீங்ணா?"

"பேப்பர்லயே இருக்குதுங்க."

பிரஷ்ஷின் ஈரத்தைத் துணியில் ஒற்றி, படுக்க வைத்து, ஒரே இழுப்பு. சர்ர்ர்! சொரசொரத் தாளின் மேடுகளில் மட்டும் நிறம் ஒட்டியது. பள்ளங்கள் வெள்ளையாகவே நின்றுவிட்டன. சரியான சாய்வில் இருக்கும் சிற்றலை மட்டுமே சூரியனை நம் கண்ணுக்கு அனுப்பும், மறுநொடி வேறோர் அலை. அந்தப் படபடப்பு அப்படியே தாளில்!

1870-களில் பிரெஞ்சு ஓவியர் மோனே ஒரு படகையே ஸ்டூடியோவாக்கி, பாரிஸுக்குப் பக்கத்தில் சேன் நதியில் மிதந்தபடி வரைந்தார். 1874-இல் நண்பர் மானே அதையே ஓவியமாக்கினார். எட்டிப் பார்க்கும் ஆசை யாரை விட்டது! இங்கே எங்களைத் தாண்டி ஒரு பரிசல் போனது. அண்ணா இரண்டே இரண்டு கரும் தீற்றலில் அதைப் பிடித்துவிட்டார்.

டேப் உரிக்கும் வேலையை எனக்குக் கொடுத்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு உரித்தேன். ஓரத்து வெள்ளையும் ஆற்றில் மின்னும் வெள்ளையும் ஒரே தாளின் வெள்ளைதான். ஓரம் சும்மா கிடக்கிறது. சாம்பலுக்கு நடுவே இருப்பது மட்டும் கண்ணைக் கூசுகிறது!